கொல்லையில் குடியிருந்த கூகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

விழாக் குழுவினர் எங்கள் இல்லத்திற்கு வந்து, “கால்மணி நேரம் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேச வேண்டும்” என்று பணித்தபோது, குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவோம் என்று எண்ணியிருப்பர். ஆந்தையைப் பற்றிப் பேசுகின்றோம் என்றோம். செயலாளர் அவர்களின் முகம் சற்றே மாறிற்று. மங்கல நாளில் ஆந்தையா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டதாகவே கொண்டு விடை கூற முற்படுகின்றோம். இவ்வுரை ஒருவர் வாயால் வருவதாயினும், வீட்டிலுள்ள ஐவரும் கண்டதையும் கலந்து பேசியதையும் கொண்டு ஆக்கப்பட்டது. ஆதலின் ‘நாங்கள்’ என்றே பேசுவோம். பிழையிருப்பின் அதுவும் ஐவர்க்கும் பொதுவே.

எங்கள் இல்லம் ஜீவனஹள்ளியில் உள்ளது. காக்ஸ் டவுனை அடுத்த அப்பகுதியை இங்குள்ளோர் பலரும் அறிவர். ‘ஹள்ளி’ என்பது நம் ‘பள்ளி’யே ஆகும். தமிழில் பகரமாக நிற்பது கன்னடத்தில் ஹகரமாகத் திரிதலைப் ‘பால், ஹாலு’ என்றும் ‘பாம்பு, ஹாவு’ என்றும் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கின்றோம். ஊர்ப்பெயரை அப்படியே பெயர்த்தால் ‘வாழ்வூர்’ என்று வரும். அந்த வாழ்வூரில் எங்கள் கொல்லைக்குக் குடிவந்த பறவையைத்தான் நம் நாட்டுப்புறத்தார் சாவுக்குருவி என்று அழைக்கின்றனர்!

கொல்லை என்றவுடன் பெருந்தோட்டம் என்று கருதிவிட வேண்டா. ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு துவைக்கும் கல், கோடியில் பழைய ஓட்டுக் கொட்டகை ஒன்று, இவ்வளவே. மூன்று பக்கமும் நான்கு மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. உடைந்த கட்டில், தாத்தா காலத்துப் பெட்டி, பயன்படாத முறம் ஆகியவற்றுக்கெல்லாம் புகலிடமாகக் கொட்டகையின் பரண் இருந்தது. அதில் ஏறிப் பார்த்தவர் எவரும் அண்மைக் காலத்தில் இல்லை.

சென்ற ஆண்டு தைத் திங்கள். எண்பத்திரண்டு வயதான எங்கள் அன்னையார் நெஞ்சு நோய்க்கு மருத்துவமனையில் இருந்து திரும்பிய பத்தாம் நாள் இரவு. உணவு முடிந்து விளக்கணைக்கும் வேளையில், கொல்லைப்பக்கமிருந்து நீண்ட சீற்றம் ஒன்று கேட்டது. நின்றது. மீண்டும் கேட்டது. பாம்பு என்பதில் எங்களுள் எவர்க்கும் ஐயமில்லை. குழந்தைகளைக் கட்டிலின்மேல் ஏற்றினோம். பக்கத்து வீட்டார் இரும்புக் கம்பியோடு வந்து சேர்ந்தனர். பாம்பு பிடிக்கும் இளைஞர் ஒருவர்க்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து, ஏணி வைத்துப் பரணில் ஏறி, கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார். “ஹாவல்ல சார், கூபெ மரி!” என்றார். ‘கூபெ’ என்றால் ஆந்தை. ‘மரி’ என்பது குட்டி, குஞ்சு. ஆட்டுக்குட்டியை நாம் மறி என்கிறோமே, அதே சொல்தான்.

ஒருவர்பின் ஒருவராக ஏறிப் பார்த்தோம். முறத்தின் மறைவில் வெண்பஞ்சுப் பொதிகள்போல் மூன்று குஞ்சுகள் நின்றன. கொலுப்படிகளில் வைத்தாற்போல, பெரியது, நடுத்தரமானது, சிறியது என்று படிப்படியாக இருந்தன. இதன் காரணத்தைப் பின்னர் நூல்களில் கண்டோம். கோழி எல்லா முட்டைகளையும் இட்டு முடித்த பிறகே அடைகாக்க அமரும். ஆதலின் அதன் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கும். கூகையோ முதல் முட்டையை இட்ட நாள்தொட்டே அடைகாக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடுவதால், குஞ்சுகளும் அவ்வாறே முன்னும் பின்னுமாகப் பொரிக்கின்றன. இரை குறைந்த காலத்தில் மூத்தது பிழைக்கும், இளையது மடியும். கொடிதுதான், ஆயினும் எல்லாம் மடிவதற்கு அது மேல் என்று இயற்கை கணக்கிட்டிருக்கின்றது. நாங்கள் கேட்ட சீற்றம் அம்மூன்றும் பசியால் உணவு கேட்ட குரலேயன்றிப் பிறிதன்று.

இளைஞர் இறங்கி வந்து, விளக்குகளை அணைத்துவிட்டு அமைதியாக நிற்கும்படி கூறினார். சற்று நேரத்தில் மதிலின்மேல் வெண்மையாக ஏதோ வந்தது. இறகோசை இல்லை, காற்றசைவும் இல்லை. இதயம் போன்ற வெண்முகமும் இரண்டு கருவிழிகளும் ஒரு கணம் எங்களை நோக்கின. பின்னர் அது கொட்டகைக்குள் நுழைந்தது. அதன் காலில் எலி ஒன்று தொங்கிற்று. பாம்பைக் கண்டு அலறியிருக்க வேண்டிய எங்கள் இளைய மகள், “அப்பா, அது பறந்ததா, மிதந்ததா?” என்று கேட்டாள்.

ஆந்தை என்பது பொதுப்பெயர். அவற்றுள் பலவகை உண்டு. தென்னையிலும் மாமரத்திலும் அமர்ந்து மாலையிலேயே சளசளவென்று கத்துவது சிறிய புள்ளி ஆந்தை. பாறை இடுக்குகளில் வாழ்வது கொம்பன் ஆந்தை. மனிதர் கட்டிய கோபுரம், கோட்டை, களஞ்சியம், பழைய வீடு ஆகியவற்றையே விரும்பித் தங்குவது வெண்முகமுடைய இக்கூகை. இதன் சிறகு விளிம்பிலுள்ள இறகில் சீப்பின் பற்கள்போல் நுண்ணிய அமைப்பு இருக்கின்றது. காற்றை அது சிறு சிறு கூறுகளாகப் பிரித்துவிடுவதால் ஓசை எழுவதில்லை. விழிகளை நம்மைப்போல் அசைக்க அதனால் இயலாது. அக்குறையை ஈடு செய்யக் கழுத்தில் 14 எலும்புகள் உள்ளன. நமக்கு 7 மட்டுமே. செவிகளோ இன்னும் வியப்பு: ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழுமாக அமைந்தவை. ஓர் ஒலி இரு செவிகளையும் அடைவதிலுள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே, இரை எத்திசையில், எவ்வளவு கீழே இருக்கின்றது என்பதைக் கூகை அறிந்துகொள்கிறது. 1950-களில் அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்பார், சிறிதும் ஒளி புகாத அறையில் சருகுகளைப் பரப்பி எலியை விட்டுச் சோதித்தபோது, கூகை செவியொன்றையே துணையாகக் கொண்டு அதைப் பிடித்தது. பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றவரும் அவரே.

இவையெல்லாம் பின்னர்ப் படித்தவை. அன்றிரவு எங்கள் உள்ளத்தில் அறிவியல் இல்லை. அன்னையார் படுக்கையிலிருந்து எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, அதைக் கிளப்பி விட்டுவிடு. உன் அப்பா போன வாரத்திலும் இது கத்திற்று” என்றார்.

“குஞ்சுகள் மூன்று இருக்கின்றன அம்மா” என்றோம்.

சிறிது நேரம் பேசாதிருந்து, “சரி, குஞ்சு பறக்கிற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் ஓட்டையை அடைத்துவிடு” என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

சொன்னாரேயன்றி உறங்கவில்லை. ஆந்தை ஒருமுறை அலறினால் இன்னது, இருமுறை அலறினால் இன்னது என்று எண்ணிக்கை வைத்துப் பயன் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டன்றோ? இருளில் விழித்திருந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நன்றாக உறங்க வேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்தியிருந்த காலம் அது. அவர் முகம் வாடுவதைக் கண்டு, நான்காம் நாள் கடைக்குச் சென்று கம்பிவலை வாங்கி வந்துவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. தாயும் தந்தையும் இரை தேடச் சென்ற வேளையில் ஓட்டையை அடைத்துவிடலாமா என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. தாயா, பறவைக் குஞ்சா என்று வரும்போது, சங்க மேடையில் பேசுவதுபோல் வீட்டில் பேச இயலுவதில்லை.

செய்தி தெருவில் பரவிற்று. அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் வந்து, எவருக்கேனும் உடல்நலமில்லையா என்று கேட்டுவிட்டு, அன்னையாரைக் கண்டதும் நாவைக் கடித்துக்கொண்டார். புள்ளி ஆந்தையைக் கன்னடத்தில் ஹாலக்கி என்பர். நம்மூர்க் குடுகுடுப்பைக்காரரைப் போன்றவர் இங்கே அதன் குரலைக் கேட்டே குறி கூறுவர். எதிர் மாடியில் குடியிருக்கும் வங்காளத்து நண்பரோ இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்! அவர்கள் நாட்டில் ஐப்பசி முழுநிலா நாளில் வழிபடும் திருமகளின் காலடியில் ஆந்தை அமர்ந்திருக்குமாம். செல்வம் தேடி வந்திருக்கிறது என்று வாழ்த்தினார். ஒரே பறவை, ஒரே மதில். இந்தப் பக்கம் எமன் தூது, அந்தப் பக்கம் இலக்குமி ஊர்தி! எனினும் ஊர்தி என்ற பெருமையும் அதைக் காக்கவில்லை. தீபாவளியை ஒட்டி ஆந்தைகளைப் பிடித்து விற்பதும் பலியிடுவதும் நடைபெறுகின்றன என்று 2010-ஆம் ஆண்டில் டிராஃபிக் இந்தியா அமைப்பு அறிக்கை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எவ்வகை ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும்.

நம் பழந்தமிழர் என்ன கருதினர் என்று நூல்களைப் புரட்டினோம். இரண்டும் கண்டோம். ஈமக்காட்டில் மரப்பொந்திலிருந்து குழறும் கூகையைப் பாடியமையாலேயே புலவர் ஒருவர் கூகைக்கோழியார் என்று பெயர் பெற்றார். அவர் பாட்டு புறநானூற்றில் 364-ஆவது. நற்றிணையின் 83-ஆம் பாட்டிலோ தோழி கூகையோடு பேசுகிறாள். தலைவன் வரும் இரவில் அச்சந்தரும் குரலை எழுப்பாதே, உனக்கு இறைச்சியும் நெய்யும் கலந்த சோறும் எலிச்சூடும் தருவோம் என்று கைக்கூலி பேசுகிறாள்! ஊர் நீர்த்துறை மரத்தில் பழகி வாழும் பறவையிடம் பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் உறவாடும் அத்தோழியை அன்னையார்க்குப் படித்துக் காட்டினோம். “அவளுக்கென்ன, இளம் பெண்” என்று மட்டும் சொன்னார்.

இனி எங்கள் குற்றத்திற்கு வருகின்றோம்.

எலி என்ற சொல்லுக்கும் எங்கள் பகுதிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்து கண்டோன்மென்டைச் சூறையாடிற்று. கோவையிலும் இந்நகரிலும் பிளேக் மாரியம்மன் என்று கோயில் எடுத்து மக்கள் கும்பிட்ட காலம் அது. அதன்பின், நெரிசலை நீக்கிக் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகள் அமைக்க வேண்டும் என்று எழுந்ததே நம் அண்டையிலுள்ள ஃபிரேசர் டவுன். எலி புகாதபடி வீடு கட்டுவது எங்ஙனம் என்பதையே முதன்மையாகக் கருதியவர் ஸ்டீபன்ஸ் என்னும் நகராட்சிப் பொறியாளர். பிளேக் அணுகாத நகரமைப்புப் பற்றி 1914-இல் நூலும் எழுதினார். ஆக, எலியை வெளியே நிறுத்துவதற்கென்றே ஓர் ஊர் எழுந்த இடத்தின் அருகில் வாழ்கின்றோம். எலிகள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் அரிசி மூட்டையைக் கடித்தன. வண்டியின் மின்கம்பியைக் கடித்தன. மார்கழியில் அன்னையாரின் மருந்து அட்டையையும் கடித்தன. கடையிலிருந்து நீலநிற விஷக் கட்டிகளை வாங்கி வந்து, அரிசி அறையிலும் கழிவுநீர்க் கால்வாயின் ஓரத்திலும் வைத்தோம். வைத்ததை மறந்தும் போனோம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, முருங்கை மரத்தடியில் காக்கைகள் கூட்டமாகக் கூடிக் கத்தின. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று வள்ளுவர் ‘காலமறிதல்’ அதிகாரத்தின் முதற்குறளில் கூறியதைப் பள்ளியில் எத்தனை முறை ஒப்பித்திருப்போம்! கண்ணெதிரே காண்பது அன்றுதான். நடுக்குஞ்சு தரையில் கிடந்தது. காக்கைகளை ஓட்டி எடுத்தோம். காயம் எதுவும் இல்லை; ஆனால் அலகின் ஓரத்தில் குருதி கசிந்தது; தலை நிற்கவில்லை. அட்டைப் பெட்டியில் துளையிட்டு, துணி விரித்து வைத்து, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் இறகை விலக்கிப் பார்த்தார். தோலின் அடியில் குருதி கட்டியிருந்ததைக் காட்டினார். பின்னர் நிமிர்ந்து, “வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா?” என்று ஒரே ஒரு வினா வினவினார்.

எங்களால் உடனே விடை கூற முடியவில்லை. நண்பகலுக்குள் அது இறந்துவிட்டது.

இந்த விஷத்தின் இயல்பை அவரே விளக்கினார். புரோமடையோலோன் முதலிய மருந்துகள் குருதி உறையும் ஆற்றலைக் கெடுப்பவை. உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் உயிரோடு இருக்கும். சோர்வுற்று வெளியிடத்தில் தள்ளாடித் திரியும். வலிமையுள்ள எலியைக் காட்டிலும் அத்தகைய எலி கூகைக்கு எளிதில் கிடைக்கும். எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு, அதை உண்ட பறவையின் ஈரலில் சேரும். உறுதியாகச் சொல்ல ஆய்வகச் சோதனை வேண்டும் என்று மருத்துவர் கூறினார். எங்கள் விஷமா, தெருவில் வேறொருவர் வைத்த விஷமா என்பதும் எலிகளுக்கே வெளிச்சம். அந்த ஐயத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. நீலக் கட்டியை வைத்தது எங்கள் கை.

வெறும் பெட்டியோடு வீடு திரும்பியபோது அன்னையார் வாயிலிலேயே அமர்ந்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “சாவு நம் வீட்டில் விழவில்லையே தம்பி, அதன் வீட்டில் அல்லவா விழுந்திருக்கிறது” என்றார். அன்று மாலை கொல்லைக் கதவருகே நாற்காலியைப் போடச் சொன்னார். தாய்க்கூகை வந்ததும், “வந்துவிட்டாளா?” என்று கேட்டார். அதுவரை ‘அது’ என்றிருந்த பறவை அன்று முதல் ‘அவள்’ ஆயிற்று. எண்ணிக்கை வைப்பதும் நின்றது. இரவில் உறங்கவும் தொடங்கினார். அதற்குக் காரணம் மாத்திரையா, கூகையா என்று எங்கள் வீட்டில் இன்றளவும் வழக்கு நடக்கிறது.

விஷக் கட்டிகளைத் தேடித் தேடி எடுத்தோம். அரிசி, பருப்பு எல்லாம் மூடியுள்ள தகரப் பீப்பாய்களுக்கு மாறின. பழைய மரப்பொறி மீண்டும் வேலைக்கு வந்தது. கூகையின் வழியை அடைக்க வாங்கிய கம்பிவலையை வெட்டிக் கழிவுநீர்க் கால்வாயின் வாயில் பொருத்தினோம். தெருவில் ஏழெட்டு வீடுகளுக்குச் சென்று விஷத்தைக் கைவிட வேண்டினோம். இரண்டு வீட்டார் அப்போதே இசைந்தனர், ஒருவர், “ஆந்தைக்காகவா வந்தீர்கள்!” என்று சிரித்துக் காப்பி கொடுத்து அனுப்பினார், மற்றையோர் பார்க்கலாம் என்றனர். எலிகள் அறவே ஒழிந்தன என்று சொல்ல மாட்டோம். குறைந்தன. பரணின்கீழ்க் கிடந்த கரிய உருண்டைகளை எங்கள் மக்கள் நீரில் ஊறவைத்துப் பிரித்தனர். கூகை செரியாத எலும்பையும் மயிரையும் உருட்டி வாயால் உமிழ்ந்துவிடும். ஓர் உருண்டையில் மூன்று எலி மண்டையோடுகள் இருந்தன. எந்த மருந்து இவ்வாறு கணக்கு ஒப்புவிக்கும்?

தஞ்சைத் தரணியில் உழவர் சிலர், நெல் நட்ட வயலில் குறுக்குச் சட்டம் பொருத்திய கழிகளை ஊன்றுகின்றனர். பறவை தாங்கி என்று அதற்குப் பெயர். இரவில் கூகை அதன்மேல் அமர்ந்து வரப்பெலியைப் பிடிக்கும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 1980-கள் தொட்டுக் கூகைகளுக்கென்றே மரப்பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றி வைக்கின்றனர். நம்மவர் பலர் உழைத்த தோட்டங்கள் அவை. இந்நகரத்திலோ ஓட்டு வீடுகள் நாள்தோறும் இடிகின்றன; பொந்துள்ள முதுமரங்கள் சாலைக்காக வீழ்கின்றன. அடுக்குமாடிகளின் குழாய்ப் பொந்துகளில் கூகைகள் ஒண்டிக்கொள்கின்றன. வேலை தேடி வந்து, கிடைத்த சந்தில் குடித்தனம் தொடங்கிய நம் முன்னோரை எண்ணிப் பார்த்தால் அதன் நிலை நமக்கு விளங்காமற் போகாது. ஒரு வேறுபாடு: ஜீவனஹள்ளியில் வயலும் தோப்பும் இருந்த காலத்திலேயே கூகை அங்கு இருந்திருக்கும்; பின்னர் வந்தவர்கள் நாம்.

எஞ்சிய இரு குஞ்சுகளும் பங்குனியில் பறந்தன. மூத்தது முதல் நாள் மதில்வரை பறந்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் இறங்கி, இரவு முழுதும் அங்கேயே சீறிக்கொண்டிருந்தது. இளையது மறுவாரம் சென்றது. ஓட்டையை அடைப்பதைப் பற்றி அன்னையார் பிறகு பேசவேயில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை. அவர் இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். தம்மைப் பற்றி மேடையில் பேசியதற்காக வீட்டில் எங்களுக்குக் கிடைக்கவிருப்பது என்ன என்பதை அவர் முகமே காட்டுகின்றது.

பத்து நாள்களாகப் பரணில் மீண்டும் ஓசை கேட்கிறது. ஏறிப் பார்க்கவில்லை, அடைகாக்கும் காலத்தில் ஏறினால் தாய் கூட்டை விட்டுப் போய்விடக்கூடும். காண விரும்பும் அன்பர்கள், குறிப்பாகச் சிறார்கள், மாலை ஏழு மணிக்குமேல் எங்கள் கொல்லைக்கு வரலாம். கைவிளக்கு வேண்டா, ஒளிப்படக் கருவியின் மின்னொளியும் வேண்டா. துவைக்கும் கல்லின்மேல் நால்வர் அமரலாம். மற்றவர்க்குப் பாய் விரிப்போம். சுக்குக் காப்பி அன்னையார் பொறுப்பு.